வெள்ளை விரிப்பில் முப்பத்திரண்டு வசனங்கள்

17.04.1983 — இனாம்
01.01.1986 — ரூ. 7.25
04.03.2024 — ரூ. 24,00,000
11.03.2024 — ரூ. 4,000
26.04.2024 — ரூ. 38,00,000 முதல் ரூ. 45,00,000 வரை
08.06.2024 — ரூ. 3,50,000
12.06.2024 — ரூ. 61,400

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்த கிருபாபாய்க்கு, விற்றால் காசாகும் என்று வீட்டில் இருந்த பொருள்கள் மூன்று: தேக்கு பீரோ, தையல் மிஷின், காதில் கிடந்த கம்மல். சுவரில் தொங்கிய பூப்படத்தை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பைபிள் வசனம் எழுதுகிற படம். வசனப் படத்தை யாரும் விற்பதில்லை.

அவள் பிறந்தது 1957இல், தளவாய்புரத்தில். பத்தொன்பது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். ஆபரேஷன் அறையைத் துடைப்பது, கத்தி கத்திரிகளை வேகவைப்பது, ரத்தத் துணிகளை அலசுவது அவள் வேலை. அங்கே சுவீடன் நாட்டுக்காரி ஒருத்தி டாக்டராக இருந்தாள். பெயர் எல்சா, எல்லாருக்கும் டாக்டரம்மா. தினமும் காலையில் வெள்ளைக் கைக்குட்டையால் ஆபரேஷன் மேசையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்ப்பாள். கிருபாபாய் துடைத்த நாளில் கைக்குட்டை வெள்ளையாகவே வரும். "கிருபா தொட்ட இடத்தில் ஒன்றும் மிஞ்சாது" என்று டாக்டரம்மா தன் உடைந்த தமிழில் பெரிய டாக்டர்களிடம் சொல்வாள். ஆயுள் முழுக்க கிருபாபாய்க்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அது ஒன்று போதுமானதாகவும் இருந்தது.

1983 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு டாக்டரம்மா ஊருக்குத் திரும்புமுன் தன் சாமான்களைப் பங்கு வைத்தாள். சமையல்காரருக்குப் பிரஷர் குக்கர். காவல்காரருக்கு சைக்கிள், அவர் தேவையே இல்லாமல் பெல் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியை இரண்டு சுற்றுச் சுற்றினார். கிருபாபாய்க்கு ஒரு படம்.

"என் பெரியம்மா வரைந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்காதே. தள்ளி நின்று பார்" என்றாள் டாக்டரம்மா.

சாம்பலும் நீலமும் கலந்த ஒரு ஜாடி. அது கொள்ளாமல் வெளியே சரிகிற இளஞ்சிவப்புப் பூக்கள். இரண்டு மூன்று இதழ்கள் கீழே உதிர்ந்து கிடந்தன. ஜாடிக்கு அடியில் படத்தின் அகலம் முழுக்க ஒரு வெள்ளை மேசை விரிப்பு. பக்கத்தில் போனால் பூவும் இல்லை, ஜாடியும் இல்லை. விரலால் தேய்த்த சாயத் திட்டுகள். ஆறடி தள்ளிப் போனால் பூ. அது என்ன பூ என்று யாருக்கும் தெரியவில்லை. ரோஜா என்றார்கள், தாமரை என்றார்கள். காவல்காரர் மட்டும் "முட்டைக்கோசு" என்றார். கிருபாபாய்க்குக் குக்கர் கிடைக்கவில்லையே என்று உள்ளூர ஒரு வருத்தம் இருந்தது.

மறுவருஷம் சத்தியநேசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவன் பெயிண்டர். மிஷின்களுக்கு நம்பர் போடுவது, 'அபாயம்' என்றும் 'புகை பிடிக்காதீர்' என்றும் பலகை எழுதுவது அவன் வேலை. அவன் எழுத்து ஒரே சீராக இருக்கும். அளவுகோல் வைத்துத்தான் எழுதினானா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்த சபையார் படத்தைப் பார்த்தார்கள். "பூப்படம் நல்லாத்தான் இருக்கு, வசனத்தைக் காணோமே?" என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்த ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் பூப்படம் என்றால் கீழே ஒரு வசனம் இருக்கும். இந்தப் படத்திலோ அந்த வெள்ளை விரிப்பு, எழுதுவதற்கென்றே விட்டுவைத்த இடம் மாதிரி கிடந்தது.

1986 ஜனவரி 1 அன்று, புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தைச் சத்தியநேசன் அந்த விரிப்பின்மேல் கறுப்பு எனாமலில் எழுதினான். ஓரத்தில், வலது கீழ்மூலையில், வருஷத்தையும் போட்டான். பெயிண்டும் டர்பென்டைனும் சேர்த்து ஏழே கால் ரூபாய்.

அடுத்த புத்தாண்டில் புது வசனம். அதற்குப் பழையதை அழிக்க வேண்டும். அழிப்பது கிருபாபாயின் பங்கு. சத்தியநேசன் மில்லிலிருந்து கொண்டுவரும் கழிவுப் பஞ்சை டர்பென்டைனில் நனைத்து, ஆபரேஷன் மேசையைத் துடைக்கிற அதே கவனத்தோடு, இடமிருந்து வலமாகத் துடைப்பாள். பஞ்சில் முதலில் கறுப்பு வரும், பிறகு பழுப்பு, பிறகு சாம்பல் வெள்ளை. அந்த வெள்ளையை அழுக்கு என்றே அவள் எண்ணினாள். பஞ்சு சுத்தமாக வருகிறவரை விடமாட்டாள். இப்படி 2017 ஜனவரி வரை முப்பத்திரண்டு முறை அவன் எழுதினான். முப்பத்தொரு முறை அவள் துடைத்தாள். அந்த ஆகஸ்டில் சத்தியநேசன் மாரடைப்பில் போனான். அவன் கடைசியாக எழுதிய வசனம் ஏழு வருஷம் துடைக்கப்படாமல் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், எப்சி. 1988இல் பிறந்தவள். பதினெட்டு வயதில் அப்பா சொல்லி அதே மில்லில், பஞ்சைச் சீவுகிற கார்டிங் பகுதியில் சேர்ந்தாள். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "நான் கிழவியானா எப்படி இருப்பேன்னு இப்பவே பாத்துக்கோ" என்பாள். 2014இல் கல்யாணம், 2016இல் திரும்பி வந்துவிட்டாள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் "அங்க கரண்டு அடிக்கடி போகுது" என்ற ஒரே பதில்தான். 2021இல் இருமல் வந்தது. 2023இல் மூக்கில் குழாய் வந்தது. ஆக்சிஜன் மிஷின் கட்டிலுக்கடியில் இரவும் பகலும் உறுமிக்கொண்டு கிடந்தது.

2024 மார்ச் 4 அன்று சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இரண்டு நுரையீரலும் இறுகிவிட்டன, மாற்று நுரையீரல்தான் வழி. காப்பீடு போக இருபத்துநாலு லட்சம் கட்டினால் பெயரைப் பதியலாம். இல்லாவிட்டால் உயிர் வருஷக் கடைசியைத் தாண்டாது.

ஒரு வாரம் கழித்து பீரோவை விலை பேச ராஜபாளையத்திலிருந்து பாண்டிச்செல்வம் வந்தான். பழைய மரச்சாமான் வியாபாரி. பீரோவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"சிஸ்டரக்கா, அந்தப் படத்தையும் தாங்க. சட்டம் நல்ல மரம். நாலாயிரம் தாரேன்."

"வசனப் படத்த விப்பாகளாப்பா?"

"வசனத்த நீங்களே வச்சுக்கங்க. எனக்குச் சட்டம் மட்டும் போதும்."

கட்டிலிலிருந்து எப்சி கேட்டாள்: "ஏண்ணே, சுத்தி இருக்க கட்டைக்கே நாலாயிரம்னா, நடுவுல இருக்கதுக்கு எம்புட்டு?"

"நடுவுல என்ன பாப்பா இருக்கு? பெயிண்டு டப்பாவ பூனை தட்டிவிட்ட மாதிரி இருக்கு."

எப்சி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாண்டிச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டு பீரோவுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போனான்.

"எம்மா, அதக் கழட்டி இங்க கொண்டா" என்றாள் எப்சி.

படத்தின் பின்பக்கம், மரச்சட்டத்தில், பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர், பாரிஸ் என்ற ஊர்ப்பெயர், 1891 என்ற வருஷம். நாற்பது வருஷமாகத் துடைத்தவள் பின்பக்கத்தில் தூசி மட்டும் தட்டியிருந்தாள். எப்சி அந்தப் பெயரைப் போனில் தேடினாள். மூன்று நாள் தேடினாள். பாரிசில் படித்த சுவீடன் நாட்டுப் பெண் ஓவியர். ஒளியை அப்படியே பிடித்துத் தீட்டுகிற அந்தக் காலத்துப் புதுமைக் கூட்டத்தில் ஒருத்தி. அவளுடைய பூப்படங்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். மும்பையில் இருந்த ஒரு ஏல நிறுவனத்துக்கு எப்சி போட்டோ எடுத்து அனுப்பினாள். பூக்கள், பின்பக்கக் காகிதம், சட்டத்தின் ஒரு மூலை.

"கீழ அப்பா எழுதுனது வரலியே?"

"பொண்ணு பாக்க வரும்போது முதல்ல முகத்தத்தான் காட்டணும். வாயப் பொறவு தொறக்கலாம்."

ஏப்ரல் 26 அன்று பதில் வந்தது. முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்து லட்சம் வரை போகலாம். எப்சி அந்த வரியைத் தமிழில் இரண்டு தரம் படித்துக் காட்டினாள். கிருபாபாய் மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னாள். ஆனால் அந்தக் கடிதத்தில் அடுத்த வரியும் ஒன்று இருந்தது. வலது கீழ்மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். அதன் படத்தையும் அனுப்புங்கள். எப்சி அதை வாசித்துக் காட்டவில்லை. 'நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பதில் போட்டுவிட்டாள். சென்னையிலிருந்து ஜூன் 12 அன்று ஒரு பெண் வருவதாக முடிவாயிற்று.

ஜூன் 8 மத்தியானம் பாண்டிச்செல்வம் மறுபடியும் வந்தான். இந்த முறை கையில் மஞ்சப்பை. செய்தி எப்படியோ எட்டியிருந்தது.

"செண்பகத்தோப்புப் பக்கம் ஒருத்தர் தங்கும் விடுதி கட்டுறாரு. வெளிநாட்டுப் படம்னு சொன்னேன். மூணரை லட்சம். எண்ணிப் பாத்துக்கங்க."

"முப்பத்தெட்டு சொல்லியிருக்காகப்பா."

"சொல்றதுக்கு என்னக்கா? நான் கையில கொண்டாந்திருக்கேன்."

எப்சி தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றரை லட்சத்தில் புது மிஷின் ஒன்று வாங்கலாம், கரண்டு போனால் ஓட பேட்டரி வாங்கலாம், மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் நுரையீரல் வராது. கிருபாபாய் மஞ்சப்பையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"இருபத்துநாலு இல்லாம எனக்கு எதுவும் ஆகாது. கொண்டு போயிரு."

பாண்டிச்செல்வம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "சரிக்கா. ஆனா இம்புட்டுப் பெரிய எழுத்தோட இருக்க படத்த எவன் முப்பத்தெட்டுக்கு எடுப்பான்? கறுப்பு மை கொட்டுன பட்டுச்சேலை மாதிரில்ல இருக்கு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் படத்தைக் கொல்லைக்கு எடுத்துப்போனாள். டர்பென்டைன் வாடை எப்சிக்கு ஆகாது. முதலில் சத்தியநேசனின் கடைசி வசனத்தை ஒரு நோட்டில் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொண்டாள். பிறகு பரணில் மிச்சமிருந்த மில் பஞ்சை எடுத்தாள். ஏழு வருஷ எனாமல் கல்லாக இறுகியிருந்தது. பதினொன்றரைக்குத் தொடங்கியது இரண்டே காலுக்கு முடிந்தது. வலது மூலையில் வருஷ எண் விடாப்பிடியாக நின்றது. நகத்தில் பஞ்சைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் தேய்த்தாள். கறுப்பு வந்தது, பழுப்பு வந்தது, வெள்ளை வந்தது. கடைசியில் பஞ்சு சுத்தமாக வந்தது. முப்பத்திரண்டு எழுத்துக்கு முப்பத்திரண்டு துடைப்பு, கணக்கு நேரானது.

எப்சி விழித்துப் பார்த்தபோது படம் சுவரில் ஏறியிருந்தது.

"எம்மா..." என்றாள். கிருபாபாய் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை வந்த பெண்ணின் பெயர் சத்யப்பிரியா. முப்பது வயது இருக்கும். பையிலிருந்து கையுறை எடுத்து மாட்டினாள். அதைப் பார்த்ததும் கிருபாபாய்க்கு அவள்மேல் மரியாதை வந்தது. பூக்களின்மேல் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, மெல்ல மெல்லக் கீழே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. விரிப்புக்கு வந்ததும் நின்றாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, இங்க என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேம்மா. நீங்க வாரீகன்னு."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

சத்யப்பிரியா கண்ணாடியைக் கீழே வைத்தாள். "இதுக்கு முன்னாடியும் துடைச்சிருக்கீங்களா?"

"வருஷா வருஷம். இதோட முப்பத்திரண்டு."

அந்தப் பெண் திட்டவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: விரிப்பில் இருந்த சாயம் முழுக்கப் போய்விட்டது, இப்போது தெரிகிற வெள்ளை, துணிக்குப் பூசிய அடிப்பூச்சு. கையெழுத்து வலது மூலையில் இருந்திருக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் நிறுவனம் படத்தை எடுக்காது. மும்பையில் கண்ணுக்குத் தெரியாததைப் படம் பிடிக்கிற கேமரா இருக்கிறது. ஏதாவது கீறல் மிச்சம் இருந்தால் அதில் தெரியும். சோதனைக்கும் போக்குவரத்துக்கும் அறுபத்தோராயிரத்து நானூறு. படம் விற்றால் கழித்துக்கொள்வார்கள். விற்காவிட்டால் வீட்டார் கட்ட வேண்டும்.

கிருபாபாய் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். சத்யப்பிரியா படத்தைத் துணியிலும் காகிதத்திலும் சுற்றி, காரின் பின் இருக்கையில், தொட்டில் பிள்ளையை வைப்பதுபோல வைத்துக் கொண்டுபோனாள்.

கார் போன பிறகு எப்சி சொன்னாள்: "அந்தக் கடுதாசியில மூலையப் பத்தி எழுதியிருந்துச்சும்மா. நான்தான் சொல்லல."

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"சொன்னா, கையெழுத்தத் தேடுறேன்னு நீ அன்னைக்கே துடைச்சிருப்ப."

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்சியும் சிரித்தாள். அம்மா சிரித்து முடித்தபோது மகளின் உதடு நீலமாக இருந்தது. கிருபாபாய் ஓடிப்போய் மிஷினின் குமிழைத் திருப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, படம் திரும்பி வந்தால் அந்த விடுதிக்காரர் மூன்றரை லட்சத்துக்கு எடுத்துக்கொள்வாரா என்று பாண்டிச்செல்வத்துக்குப் போன் செய்தாள். "அவரு ஏழு குதிரை ஓடுற படம் ஒண்ணு மாட்டிட்டாருக்கா" என்றான் அவன். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஜூலையில், படம் வந்து சேர்ந்தது என்று மும்பையிலிருந்து ஒரு கடிதம். அக்டோபரில், சோதனைக்கு வரிசையில் இருக்கிறது என்று இன்னொன்று. தபால்காரர் பதினொன்றரைக்குத் தெருவுக்குள் வருவார். பதினொன்றுக்கே கிருபாபாய் வாசலில் நிற்பாள். மற்ற நேரமெல்லாம் மிஷினைத் துடைத்தாள், குழாயைத் துடைத்தாள், கட்டில் காலைத் துடைத்தாள். எப்சி படம் இருந்த இடத்தைப் பார்த்தபடியே படுத்திருப்பாள். சுண்ணாம்பு மங்கிய சுவரில் அந்தச் சதுரம் மட்டும் புதுசாக இருந்தது.

"அது என்ன பூன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியாம்மா?"

"கேக்கலட்டி. மறந்துட்டேன்."

"நான் தேடிப் பாத்தேன். நம்ம ஊருல பூக்காதாம். பனி பெய்யணுமாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "காவக்காரத் தாத்தா சொன்னதுதான் சரி. முட்டைக்கோசுன்னே வச்சுக்குவோம்."

தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி. 2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு பத்துக்கு எப்சி இறந்தாள். கரண்டு இருந்தது; மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கிருபாபாய்க்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டார் வந்துதான் நிறுத்தினார்கள். மறுநாள் கல்லறைக்கு வந்தவர்களில் பாண்டிச்செல்வமும் இருந்தான். குழிக்கு மண் போட்டுவிட்டு, கையைத் தட்டாமல் அப்படியே நின்றான்.

புத்தாண்டு ஆராதனையில் கிருபாபாய்க்கும் ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, கணவனின் வசனத்தை எழுதி வைத்த நோட்டுக்குள் அதைப் பிரிக்காமலே செருகினாள்.

எட்டு நாள் கழித்துத் தடித்த உறை ஒன்று வந்தது. இங்கிலீஷில் ஒரு தாள். அதையே சத்யப்பிரியா தன் கைப்படத் தமிழில் எழுதிய இன்னொரு தாள். கையெழுத்தின் அடையாளம் ஏதும் கிடைக்கவில்லை. கடைசித் துடைப்பில் போனதா, முதல் துடைப்பிலேயே போனதா என்று சொல்ல வழியில்லை. படத்தை விற்பனைக்கு எடுக்க இயலாது, திருப்பி அனுப்பப்படும். செலவுத் தொகையை மார்ச்சுக்குள் கட்ட வேண்டும். அடியில் ஒரு வரி: எப்சி அக்கா எப்படி இருக்கிறார்கள்?

கூடவே கேமரா எடுத்த படம் ஒன்றும் இருந்தது. பூக்கள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. விரிப்பு இருந்த இடத்தில் கறுப்பு எழுத்துகள். துணியின் இழைகளுக்குள் இறங்கி நின்றுவிட்ட எனாமல், வருஷத்துக்கு மேல் வருஷமாக, வரிக்கு மேல் வரியாக. அவள் ஒன்றும் மிஞ்சாமல் துடைத்ததெல்லாம் அதில் மிஞ்சியிருந்தது. ஒரு எழுத்தின் வளைவு சத்தியநேசனுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கடியில் இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று. ஒரு வார்த்தைகூட வாசிக்க முடியவில்லை. வலது மூலையில் முப்பத்திரண்டு வருஷங்களும் ஒரே இடத்தில் ஏறி ஒரு கரும்புள்ளியாகியிருந்தன.

அதைச் சுவரில் அந்தச் சதுரத்துக்கு நேரே சாய்த்து வைத்தாள். பின்னால் நடந்து வாசற்படி வரை போய் நின்று பார்த்தாள். அங்கிருந்து எழுத்தும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. திரும்பி வந்து, உறையின் மூலையில், ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டிகளின்மேல் எழுதிப் பழகிய சின்ன எழுத்தில், அது கைக்கு வந்த தேதியைக் குறித்தாள்.

09.01.2025, வியாழக்கிழமை.